முத்துக்குளித்துறையின் பழைய வாத்தியார்கள்

ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குச் சிறு வயதில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. வ.உ.சி.யின் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்தப் பெயரைத் தவறாமல் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நகர்ந்துவிடுவார்கள். ஒரு மாணவர் கப்பல் ஓட்டினார், சிறை சென்றார், நாடறிந்தார். அதனால் அவருடைய அண்ணாவியின் பெயர் தப்பியது. வேம்பாரிலிருந்து உவரி வரையிலும், உள்ளே எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசல் வரையிலும் இருந்த மற்ற அண்ணாவிகளின் மாணவர்கள் கடைக்கணக்கு எழுதினார்கள், வெற்றிலைக் கொடிக்காலும் வண்டிமாடும் வைத்துப் பிழைத்தார்கள். அந்த அண்ணாவிகளின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. பழைய கல்வியைப் பற்றி நம்மிடம் இருப்பவை சர்க்கார் புள்ளிவிவரமும் பெரிய மனிதர்களின் தன்வரலாறும். ஊரின் நினைவு எழுதப்படாமலே கரைந்துகொண்டிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றிய விவாதத்தில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அயர்லாந்தில் இந்த வேலையை ஒரு முறை முறையாகச் செய்தார்கள். 1695-இல் வந்த சட்டம் ஒன்று அங்கே கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடை செய்தது. வாத்தியார்கள் பிள்ளைகளை வேலியோரத்திலும் குளிர்காலத்தில் மாட்டுக்கொட்டகையிலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டம் தளர்ந்த பிறகும் ‘வேலிப் பள்ளிக்கூடம்’ என்ற பெயர் நிலைத்தது. 1820-களில் அரசு விசாரித்தபோது இத்தகைய கட்டணப் பள்ளிகள் ஏறத்தாழ 9,000 இருந்தன. 1831-இல் தேசியப் பள்ளி முறை வந்ததும் அவை சிறிது சிறிதாக மறைந்தன. நூறாண்டு கழித்து, 1937 முதல் 1939 வரை, அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்துத் தாத்தா பாட்டிகளிடம் அனுப்பியது. கேட்டு வரச் சொன்ன தலைப்புகளில் ‘வேலிப் பள்ளிக்கூடம்’ ஒன்று. பள்ளி எந்த வயலில் இருந்தது, வாத்தியார் எங்கிருந்து வந்தார், என்ன வாங்கிக்கொண்டார், யார் வீட்டில் சாப்பிட்டார், எப்படி அடித்தார் என்பதையெல்லாம் சுமார் 50,000 பிள்ளைகள் எழுதி வந்தார்கள். அதே 1937-இல் நம் ஊர்களில் திண்ணையில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் கேட்டு வர நாம் யாரையும் அனுப்பவில்லை.

திண்ணையில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்கலாம். வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சில ஊர்களில் மரத்தடி. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். புதிதாகக் கீறிய ஓலையில் எழுத்துத் தெரியாது. மஞ்சளோ கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால் கீறலில் நிறம் ஏறி எழுத்து எடுப்பாக நிற்கும். நெடுங்கணக்கு முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை. சூட்டிகையான பிள்ளை நிகண்டுக்கும் சதகத்துக்கும் போவான். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை. அண்ணாவி ஒரு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பதும் முறை சொல்ல வைப்பதும் அவன் பொறுப்பு. அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் வாத்தியாரோடு வீடு வீடாகப் பாடிப் போவார்கள், அதில் சேரும் காசும் அரிசியும் வாத்தியாருக்கு.

காலையில் வரும் வரிசைக்கும் ஒரு முறை இருந்தது. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி.காம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில் அதை விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளையின் கையில் ஒரு சுழி. மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் பெயர்கள் மாறினாலும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய இதேதான். இன்னும் கொடுமையான தண்டனைகளும் உண்டு. கையைக் கட்டி விட்டத்தில் தொங்கவிடும் கோதண்டம், காலில் கட்டை பூட்டுவது. உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திர’த்தில் திண்ணைப் பள்ளியின் இந்த முகத்தையும் மறைக்காமல் காட்டினார். அண்ணாவியைப் போற்றுகிறவர்கள் கோதண்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பயத்தாலேயே திண்ணையை விட்டு ஓடிப்போன பிள்ளைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

அந்தக் கல்வியின் முதுகெலும்பு கணக்கு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று பாடம் போகும். ஒன்றை 320-ஆகப் பகுத்த முந்திரியில் தொடங்கி அரைக்காணி, காணி, மா, வீசம், அரைக்கால், கால், அரை, முக்கால் என்று பின்னங்களின் ஏணியைப் பிள்ளை மனத்தால் ஏறி இறங்க வேண்டும். நெல்லுக்கு வேறோர் ஏணி: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, அதற்கு மேல் பதக்கு, தூணி, கலம். முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையே வீசம் என்று எட்டு வயதுப் பிள்ளை யோசிக்காமல் சொல்லும். இந்தக் கணக்குப் பள்ளிகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில்பாபு, அங்கே மனப்பாடம் என்பது வெறும் ஒப்பித்தல் அன்று, கணக்குப் போடும் முறையே அதுதான் என்று காட்டியிருக்கிறார். அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. சந்தையில் தாளும் பேனாவும் இல்லாமல் நிற்கும் ஒருவனுக்கு மனத்திலிருக்கும் வாய்பாடுதான் கருவி.

முத்துச்சலாபக் கரையில் இந்தப் பின்னக் கணக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு முத்தின் விலை போடும் முறையே சாட்சி. குளித்தெடுத்த சிப்பியிலிருந்து கிடைத்த முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1,000 துளை. துளை கூடக் கூட முத்து பொடியாகும். நல்ல முத்துக்கு எடையை மஞ்சாடியில் பார்த்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்பளவு காண்பார்கள். இரண்டு மஞ்சாடி முத்து ஒன்றுக்கு அளவு மூன்று. நான்கு மஞ்சாடி முத்து ஒன்றுக்குப் பன்னிரண்டு. எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்கு. பெரிய முத்து அரிது என்ற அனுபவத்தை இவ்வளவு நறுக்கென்று ஒரு வாய்பாட்டில் அடக்கியிருக்கிறார்கள். மஞ்சாடிக்குக் கீழே பின்னங்கள் வரும்போது அதைப் பெருக்கி வகுக்க ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கியது திண்ணை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். அதோடு அந்தக் கணக்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ‘முக்காலே மூணு வீசம்’ என்று பேச்சில் இன்னும் சொல்கிறோம். அது பதினாறில் பதினைந்து என்று கணக்காகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

எண்ணிக்கைக்கு வருவோம். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த அறிக்கைகளைத் தரம்பால் 1983-இல் ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். காந்தியடிகள் 1931-இல் லண்டனில் பேசும்போது, ஆங்கிலேயர் இந்தியாவின் கல்வி மரத்தை வேரைத் தோண்டிப் பார்த்துப் பட்டுப்போகவிட்டார்கள் என்ற பொருளில் சொன்னதிலிருந்து வந்த தலைப்பு அது. அப்போதே ஆங்கிலேயக் கல்வியாளர் பிலிப் ஹார்ட்டாக் அதை மறுத்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை. தரம்பால் தொகுத்த எண்களில், சூத்திரர் என்றும் ‘பிற சாதியார்’ என்றும் ஆட்சியர்கள் எழுதிய இரண்டு பிரிவும் சேர்ந்து திருநெல்வேலியிலும் சேலத்திலும் மாணவர்களில் 70 விழுக்காடு அளவுக்கு வருகின்றன. படிப்பு முழுக்கப் பிராமணர் கையில் இருந்தது என்ற பழைய எண்ணத்தை இது உடைக்கிறது. அந்த அளவில் தரம்பாலின் பணி பெரியது.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது. 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ‘பிற சாதியார்’ என்ற கட்டத்துக்குள் எந்தெந்தச் சாதி, திண்ணைமேல் உட்கார்ந்தவர் யார், கீழே நின்றவர் யார் என்பதை அட்டவணை சொல்லாது. தாழ்த்தப்பட்டோர் தெருவிலிருந்து மேல்சாதித் தெருத் திண்ணைக்குப் பிள்ளை ஏறிப்போக முடியாத ஊர்கள்தான் பெரும்பாலானவை. தேரிக்காட்டுப் பனையில் ஏறியவர்கள் இறக்கிக்கொடுத்த ஓலையில் ஊர்ப்பிள்ளைகள் எழுதினார்கள். இறக்கியவரின் பிள்ளைக்குப் பல ஊர்களில் அந்த ஓலை எட்டவில்லை. இதை ஓரமாக வைத்துவிட்டு அழகிய மரத்தை மட்டும் வரைவதில் எனக்கு உடன்பாடில்லை.

மன்றோவின் குறிப்பில் வாத்தியார் பற்றிய ஒரு வரி முக்கியம். பெரும்பாலான வாத்தியார்களின் வருமானம் மாதம் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டுவதில்லை, அதனால் தகுதியுள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்கிறார். தாம் தொடங்க நினைத்த மாவட்டப் பள்ளிக்குப் பதினைந்து ரூபாயும் தாலுகாப் பள்ளிக்கு ஒன்பது ரூபாயும் சம்பளம் என்று திட்டமிட்டார். பத்தாண்டில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. காம்ப்பெல் இன்னும் துணிச்சலாக எழுதினார். பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள்தொகையில் ஏழாயிரம் பேர்கூடப் பள்ளியில் இல்லை, நாடு ஏழையாகிக்கொண்டு போவதே காரணம், ஐரோப்பியத் துணி வந்து நெசவாளர் பிழைப்பைக் கெடுத்தது என்று கம்பெனியின் ஆட்சியரே எழுதியது அந்த அறிக்கையில் இருக்கிறது. பெற்றோர் கையில் காசில்லாத ஊரில் அண்ணாவி எப்படி நிலைப்பார்?

அதே காம்ப்பெல், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்றும் பாராட்டினார். அந்தக் கதை சென்னை எழும்பூரில் தொடங்குகிறது. 1789-இல் அங்கே படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒருநாள் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர் என்ற ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் நூலாக எழுதினார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் அதற்கு இணையான முறையை வளர்த்தார். 1811-இல் டப்ளினில் தொடங்கிய கில்டேர் பிளேஸ் சங்கத்தின் பள்ளிகள் இந்த வகைச் சட்டாம்பிள்ளை முறையைத்தான் கடைப்பிடித்தன. அயர்லாந்தின் வேலிப் பள்ளிகளுக்குப் போட்டியாக நின்ற பள்ளிகளில் அவையும் அடக்கம். நம் திண்ணையின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போய், வேறொரு நாட்டின் நாட்டுப்புற வாத்தியாரின் பிழைப்போடு மோதியிருக்கிறான்.

கடற்கரைக்கு வந்தால் அண்ணாவியின் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். 1542-இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த மந்திரங்களை நாள்தோறும் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்ததை 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். படித்த பிள்ளைகள் வீட்டில் தாய்தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவர்கள் சம்பளத்துக்காகப் போர்ச்சுகல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போன 4,000 பணத்தைக் கேட்டு வாங்கியதாக வரலாறு. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தமிழ்ப் பள்ளி நடத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கைவண்ணம், பதினாறு பக்கம். இந்தியமொழி ஒன்றின் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் ஒரு பாடப்புத்தகம் போன்ற சிறு நூல் என்பதும், அதன் பின்னால் முத்துக்குளிக்கும் பரதவர் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதும் இந்தக் கரைக்குப் பெருமை.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். பால்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் வந்து பரதவரைத் தம் சபைக்குத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அயர்லாந்தின் சட்டத்துக்கும் நம் கரைக்கும் உள்ள உண்மையான ஒப்புமை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்சி ஒரு மதத்தை ஒதுக்கி வைக்கிறது, குருவானவர் ஊருக்குள் நிலையாகத் தங்க முடியவில்லை, ஆனாலும் பிள்ளைகள் மந்திரம் தவறாமல் வளர்கிறார்கள். அப்படியானால் உள்ளூர்க்காரர்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை, உபதேசியார் என்ற பெயர்கள் இக்கரைக் கோயில்களில் இன்றைக்கும் வழங்குகின்றன. மணப்பாட்டிலோ ஆலந்தலையிலோ அந்த வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்திருந்தால், அந்த வீட்டு நினைவு டச்சு ஆவணங்கள் சொல்லாததைச் சொல்லும்.

காயல்பட்டினத்தில் ஓதும் பள்ளி இன்னொரு மரபு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழ் இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களில் தலைமுறைகளாகப் புழங்கியது. பெண்கள் தொழவும் ஓதவும் தனியாகத் தைக்காக்கள் இருக்கும் ஊர் அது. மன்றோவின் 4,540-க்குள் இப்படி வீட்டிலும் தைக்காவிலும் பெண்ணிடம் பெண் படித்த படிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. மதம் தாண்டிய குருசீட உறவுக்கும் இந்த வட்டாரத்தில் சான்று உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்கு எட்டயபுரத்தில் ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் வந்தன. பாளையங்கோட்டையில் ரேனியுஸ், 1841 முதல் இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் ஜி.யு.போப். கால்டுவெல் பிறந்தது 1814-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில், வேலிப் பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில். இடையன்குடியில் அவர் மனைவி எலைசா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். திண்ணையில் இடம் கிடைக்காத பனையேறிகளின் பிள்ளைகளும் பெண்களும் எழுத்தைக் கண்டது பெரும்பாலும் இந்தக் கூரைகளுக்குக் கீழேதான். அங்கே சொல்லிக்கொடுத்தவரும் பெரும்பாலும் ஓர் ஊர் உபதேசியார், சொற்பச் சம்பளக்காரர். துரைமார்களின் வாழ்க்கை வரலாறு தடிமன் தடிமனாக இருக்கிறது. உபதேசியாருக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

1854-க்குப் பிறகு மானியமும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். மானியம் வேண்டுமென்றால் அச்சிட்ட பாடப்புத்தகம், வருகைப் பதிவு, பரீட்சைத் தேர்ச்சி. அண்ணாவிகளில் சிலர் பதிவேடு எழுதப் பழகி மானியப் பள்ளி வாத்தியார் ஆனார்கள். மற்றவர்கள் பழைய வழியில் நெல்லும் காசும் வாங்கிக்கொண்டு வயதாகி ஓய்ந்தார்கள். எண்சுவடி பாடத்திலிருந்து போயிற்று. பள்ளி எல்லாருக்கும் என்றான பிறகு, 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, அண்ணாவிக்கு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. திண்ணை மூடிய வாசலை இந்தப் பள்ளிகள் திறந்தன. அந்த மாற்றத்துக்காக நான் வருந்தமாட்டேன். ஆனால் போன ஒன்று எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கலாம்.

எழுத முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. இடைசெவல் கி.ராஜநாராயணன் தனி மனிதராகக் கரிசல் வட்டாரச் சொற்களைச் சேர்த்து அகராதி கொண்டுவந்தார். அதில் ஒரு பங்கு உழைப்பு போதும். திண்ணையில் கடைசியாக உட்கார்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். தங்கள் அப்பாவோ தாத்தாவோ சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறைய. ஒவ்வொரு ஊர் உயர்நிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறை வேலையாகக் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை எளிமையானவை. அண்ணாவியின் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர், யார் வீட்டுத் திண்ணை, கூலி நெல்லா காசா, எண்சுவடியில் எதுவரை சொல்லித்தந்தார், என்ன தண்டனை, அவர் போன பிறகு யார் வந்தார். பரணில் எண்சுவடி ஓலை கிடந்தால் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடாமல் ஒரு புகைப்படமாவது எடுக்கச் சொல்ல வேண்டும். அதே நோட்டில், அதே மையில், ஊரின் மறுகோடித் தெருவுக்கும் போய்க் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்தறிந்தவர் யார், எந்த வருஷம், அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது யார்.